ஸைனுலாப்தீன் மாட்டிய திரி

றாபியா இத்தாவில் இருந்தாள். புருஷன் மௌத்தாகி விதவையானவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டிய கடமை அது. அவளுக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை. ஊர் சுற்றுகிற வயதும் இல்லை, தேடிப் போய்ப் பார்க்க ஆளும் இல்லை. அவள் இருந்த அறையின் சுவரில் தொங்கிய நீலக் கூடு ஒன்றுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

அது ஒரு தண்ணீர் பில்டர். மேலே மூடி, கீழே முழங்கை நீளத்துக்கு ஒரு நீலக் குவளை, குவளைக்குள் வெள்ளைத் திரி ஒன்று. கூரைத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஒரு குழாய் அதற்குள் வரும். மற்றக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே ஒழுங்கைக்குப் போய், அங்கே ஒரு பைப்பாக முடியும். சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இறங்குகிற ஒடுக்கமான ஒழுங்கைதான் அது. கரவலை இழுத்துவிட்டு வருகிறவர்களும், மீன் கூடையோடு ஏறி வருகிறவர்களும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் அந்தப் பைப்பில் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போவார்கள்.

வைத்தவர் ஸைனுலாப்தீன். தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறிய மனிதர், றாபியாவின் புருஷன். ஒரு நாள் உச்சி வெயிலில் ஒரு கிழவர் கேற்றைத் தட்டிக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தாங்கியில் நின்ற தண்ணீரைக் கொடுத்தபோது, கிழவர் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். அந்தப் பார்வை ஸைனுலாப்தீனைச் சுட்டுவிட்டது. "தண்ணி குடுத்தா குடிக்கிற மாதிரி குடுக்கணும்" என்று அன்றைக்கே தொடங்கிவிட்டார். அது ஸதகதுல் ஜாரியா, தான் மௌத்தான பிறகும் நன்மை வந்து சேர்ந்துகொண்டே இருக்கிற தர்மம் என்பது அவர் மனதில் வைத்த நிய்யத்து. வீடு மகள் அப்னாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. புருஷனும் மனைவியும் அதில் ஒழுங்கைப் பக்கத்து அறையோடு ஒதுங்கியிருந்தார்கள். பில்டரை அந்த அறையில் மாட்டினால்தான் பைப்பை வெளியே விடலாம் என்பதால், அது அவர்களுடைய கட்டில் தலைமாட்டுக்கே வந்து சேர்ந்தது.

மாட்டித் தந்தவன் மருதமுனை றஸ்மி. அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பில்டர் பூட்டுகிறவன் அவன்தான். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான்.

"ஹாஜியார், திரி மாத்துற நேரம் வந்தா போன்ல ஒரு கோல் அடிங்க. நான் வந்து மாத்தித் தாறன்."

"இதென்னடா, போத்தல் மூடி திறந்து மூடுற வேலதானே. இதுக்கும் உன்னைக் கூப்பிடணுமா?"

அதுதான் ஸைனுலாப்தீன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அவர் திருத்திய ஸ்திரிக்கைப் பெட்டி உடுப்பைத் தவிர எல்லாவற்றையும் சுட்டது. அவர் பூட்டு மாற்றிய கதவை அன்றிலிருந்து வெளிப்பக்கமிருந்துதான் திறக்க முடிந்தது. றாபியா ஏசுவாள், அவர் சிரிப்பார், பிறகு இன்னொன்றைக் கழற்றுவார். இதுதான் அவர்களுடைய இல்லறம். குறை சொல்ல ஒன்றும் இல்லாத இல்லறம் என்றே சொல்ல வேண்டும்.

திரி மாற்றுகிற நேரம் வந்தது. ஸைனுலாப்தீன் கடைக்குப் போய்ப் புதுத் திரி ஒன்றை வாங்கி வந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே என்ன நடந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. ஏதோ விழுந்தது, தண்ணீர் கொட்டியது, "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று குரல் வந்தது. தலை முதல் இடுப்புச் சாரன் வரை நனைந்து வெளியே வந்தவர், ஏதோ கப்பலைக் கரை சேர்த்தவரைப்போல றாபியாவைப் பார்த்தார்.

"பாத்தியா? றஸ்மியும் வேணாம், ஒருத்தனும் வேணாம்."

அன்றிலிருந்து வெளியே தண்ணீர் நூல் மாதிரித்தான் வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் விளக்கம் சொன்னார். நல்லாய் வடிகட்டிய தண்ணீர் மெல்லத்தான் வருமாம், அவசரப்பட்டால் அழுக்கும் கூடவே வந்துவிடுமாம். ஹாஜியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சனங்களும் பொறுமையாய் நின்று பிடித்தார்கள்.

அந்த வாரமே ஒரு நாள், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். றாபியா தேத்தண்ணியோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் அழவில்லை. வந்த பெண்டுகள் "எவ்வளவு சபூர்" என்று வியந்தார்கள். பொறுமை ஒன்றும் இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, அவ்வளவுதான். விடிகாலை சுபஹு தொழுத பிறகு எழுந்து, தலைமாட்டில் தொங்கிய நீலக் குவளையின் மேல் கையை வைப்பாள். அவருடைய கை கடைசியாக இறுக்கிப் பூட்டியது அது. சட்டையைத் தோய்த்துவிட்டார்கள், கட்டில் விரிப்பை மாற்றிவிட்டார்கள், செருப்பை யாரோ ஏழைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் இறுக்கியபடி இறுகியிருந்தது இந்த ஒன்றுதான். இதை இன்னொருவன் வந்து கழற்றுவதா?

ஆனால் தண்ணீருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா? நாளாக நாளாக நூலாய் வந்தது சொட்டாய் ஆனது. பிறகு பாசி மணக்கத் தொடங்கியது.

முதலில் வாய் திறந்தவர் அப்துல் ஸமட், ஸைனுலாப்தீனைக் காக்கா என்று கூப்பிடுகிற தம்பி. புருஷனின் தம்பியும் அந்நிய ஆண்தான் என்பதால், அஸருக்குப் பிறகு வந்து முன் ஹோலில் உட்கார்ந்து, அறை வாசல் திரையைப் பார்த்துத்தான் அவர் கதைப்பார். நல்ல மனிதர். ஆனால் அண்ணன் செய்த ஒன்றையும் ஒரு நாளும் சரியென்று சொன்னதில்லை.

"மதினி, பைப் தண்ணி மணக்குதாம். கரையில சனம் கதைக்குது. றஸ்மியக் கூப்பிட்டு மாத்தச் சொல்லுவமா?"

"நான் இத்தாவில இருக்கன் தம்பி. இந்த அறைக்குள்ள அந்நிய ஆம்புள எப்பிடி வாற?"

அப்துல் ஸமட் எழும்பிப் போய்விட்டார். இத்தா என்று சொன்ன பிறகு யார் என்ன கதைப்பது? ஆனால் அப்னா விடவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். புருஷன் கட்டாரில். வீட்டில் நியாயம் கதைக்க அவளுக்கு உம்மாவை விட்டால் ஆள் இல்லை.

"உம்மா, நீங்க எண்ட அறைக்குள்ள வந்து இருங்க. அந்தாள் வந்து மாத்திட்டுப் போகட்டும். அதில என்ன இரிக்கி?"

"இத்தா இருக்கிற அறை மகள். நாலு பேர் நாலு விதமாக் கதைப்பாங்க."

"நான் மௌலவிக்கிட்டக் கேட்டுட்டன். ஒரு குத்தமும் இல்லயாம்."

சாக்கு கையை விட்டு நழுவிவிட்டது. றாபியாவுக்குக் கோபம் கோபமாய் வந்தது, மகள் மேலும் மௌலவி மேலும்.

"உங்கட மௌலவிக்கென்ன? இத்தாவில இருக்கிறது நானா அவரா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்னா, விளங்கியோ விளங்காமலோ, கதையை அத்தோடு விட்டுவிட்டாள்.

கடைசியில் அப்துல் ஸமட்தான் முடிவு கட்டினார். ஒரு காலை வந்து, வெளியே பைப்பின் வாயை ஒரு பழைய துணியால் சுற்றி இறுக்கிக் கட்டினார். "இத்தா முடியட்டும் மதினி, பொறகு பாப்பம். மணக்கிற தண்ணியக் குடுத்து ஆருக்காவது வயித்தால போனா காக்காட பேர்தானே கெடும்" என்று திரைக்குச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

அன்று பகல் அவள் கட்டிலில் இருந்தபடி சுவருக்கு அப்பால் காதை வைத்திருந்தாள். கால்கள் வரும், பைப்படியில் நிற்கும், கொஞ்சம் தயங்கும், திரும்பிப் போகும். வெயில் ஏற ஏற வந்த கால்களும் கூடின. கரவலைக்காரர் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"என்னடாப்பா, கட்டி வச்சிரிக்கி?"

"ஹாஜியார் மௌத்தானதோட பைப்பும் மௌத்து" என்றான் மற்றவன். கேலிக்குச் சொல்லவில்லை. களைத்துப் போனவன் சொல்கிற மாதிரித்தான் சொன்னான்.

றாபியா சுவரிலிருந்து காதை எடுத்தாள். அந்த மனிதர் மண்ணுக்கடியில் கபுறுக்குள் தனியாகக் கிடக்கிறார். அவருக்கு இந்த உலகத்திலிருந்து போய்ச் சேர மிச்சமிருந்த வழி இந்தப் பைப் ஒன்றுதான். அவர் கை இறுக்கியதைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அந்த வழியையே அடைத்து வைத்திருப்பது வேறு யாரும் இல்லை, அவள்தான். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்னா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக றாபியா சொன்னாள். "மகள், றஸ்மிக்குக் கோல் எடுங்க. வரச் சொல்லுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நீங்க எண்ட அறைக்கு..."

"நான் ஒரு இடமும் போக மாட்டன். அவன் ஹோலில நிண்டு சொல்லட்டும், நான் கழட்டுறன். அதை நான்தான் கழட்டணும்."

அப்னா உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

அடுத்த நாள் றஸ்மி வந்தான். கூடவே அப்துல் ஸமட்டும் வந்தார். தண்ணீர் பிடிக்க ஒரு வாளி, துணி, தேய்க்கத் தூரிகை, குவளையைச் சுற்றிப் பிடிக்கிற வளையச் சாவி, பெட்டியில் ஒரு புதுத் திரி, எல்லாவற்றையும் அப்னா திரைக்கு உள்ளே வாங்கி வைத்தாள். றஸ்மி ஹோலில் நின்றுகொண்டு, தான் பார்க்க முடியாத ஒன்றைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"உம்மா, முதல்ல தாங்கித் தண்ணிய மூடுற வால்வ மூடுங்க. மூடிட்டீங்களா? சாச்சா, நீங்க வெளியில போய்த் துணிய அவிழ்த்துட்டு பைப்பத் திறந்து விடுங்க. உள்ள நிக்கிற தண்ணி இறங்கட்டும். ம்ம். இப்ப சாவியக் குவளையில மாட்டி, உங்கட இடக்கைப் பக்கமா இழுங்க."

றாபியா இழுத்தாள். அசையவில்லை. பிஸ்மி சொல்லி இழுத்தாள். அசையவில்லை. அப்னாவும் சேர்ந்து பிடித்தாள். இரண்டு பேரும் தொங்கியும் குவளை இறுகிய பிடியை விடவில்லை.

"கையால இறுக்கினா போதும் உம்மா, அதுக்குச் சாவி போடத் தேவல்ல. ஹாஜியார் சாவி போட்டு இறுக்கியிருப்பார் போல" என்றான் றஸ்மி.

"போலயா?" என்றார் வெளியிலிருந்து திரும்பி வந்த அப்துல் ஸமட். "காக்கா தேத்தண்ணிப் போத்தலயே குறடு போட்டு மூடுற ஆள்."

றாபியாவுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "இப்பிடியா இறுக்குற மனிசா? ஆரு வந்து களவெடுக்கப் போறாண்டு இந்த இறுக்கு?" என்று வாய்விட்டே ஏசிவிட்டாள். அவர் இருந்த காலத்தில் ஏசிய அதே குரல்தான். ஏசின வேகத்தில் காலைச் சுவரில் ஊன்றி ஒரு இழுவை இழுத்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம். குவளை சுழன்றது.

"கழண்டிட்டு!" என்றாள் அப்னா.

குவளை வாளிக்குள் இறங்கியது. உள்ளே சுற்றிவரப் பச்சைப் பாசி. நடுவே நின்ற திரியை றாபியா மெல்லத் தூக்கினாள். கை வழுக்கியது. பாசியைத் துணியால் துடைத்தாள். துணிக்குக் கீழே ஏதோ சரசரவென்றது. இன்னொரு முறை துடைத்துவிட்டு, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்ரிக் உறை. மேலே, கீழே, சுற்றிவர, கடையில் வாங்கினபடியே, கிழிக்காமல். உறைக்குள் திரி பால் வெள்ளையாய் இருந்தது.

அப்னா பார்த்தாள். உம்மாவைப் பார்த்தாள். "வாப்பா..." என்று தொடங்கியவளின் வாயை றாபியா ஈரக் கையாலேயே பொத்தினாள்.

ஸைனுலாப்தீன் உறையைக் கழற்றவே இல்லை. தாங்கித் தண்ணீர் இத்தனை நாளும் அந்த உறையின் விளிம்பால் நெருக்கிப் பிதுங்கிக்கொண்டு போயிருக்கிறது. நூல் மாதிரி வந்ததும் அதனால்தான். திரிக்குள் ஒரு சொட்டுக்கூட நுழையவில்லை. நல்லாய் வடிகட்டிய தண்ணீர் மெல்லத்தான் வரும் என்று அவர் ஊருக்கே விளங்கப்படுத்திய அந்தத் தண்ணீரை ஒன்றும் வடிகட்டவில்லை.

அப்னாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் அவள் கட்டிலில் விழுந்து தலையணையைக் கடித்துக்கொண்டாள். றாபியாவுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் பாதியிலேயே அது நின்றுவிட்டது. அப்படியென்றால் இத்தனை நாளும் அந்த மனிதருக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லையா? நனைந்து, விழுந்து, ஊருக்குக் கதை சொல்லி, எல்லாம் வீணா?

"உம்மா, எப்பிடி இரிக்கி திரி?" திரைக்கு வெளியே றஸ்மியின் குரல். "மண்ணிறமா வந்திரிக்கா, இல்ல கறுத்திரிக்கா? இஞ்ச நீட்டுங்க ஒருக்கா, பாத்தா சொல்லிருவன், இனி எப்ப மாத்தணுமெண்டு."

"மதினி, சரியாத்தான் மாட்டியிருந்தாரா காக்கா?" என்றார் அப்துல் ஸமட். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு கேட்கிறவரின் குரல் அது.

றாபியா கையிலிருந்ததைப் பார்த்தாள். இதைத் திரைக்கு வெளியே நீட்டினால் போதும். பொழுது சாய்ந்து மஃரிபுக்குள் கடற்கரை முழுக்கக் கதை போய்விடும். ஹாஜியார் பிளாஸ்ரிக்கோடு மாட்டினாராம், நாமெல்லாம் சும்மா தாங்கித் தண்ணியத்தான் குடிச்சிருக்கிறம் என்று சிரிப்பார்கள். கெட்ட மனதோடு சிரிக்க மாட்டார்கள். ஆனாலும் சிரிப்பார்கள். அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை தன்னைத் தவிர உலகத்தில் யாருக்கும் இல்லை என்று அவளுக்குப் பட்டது.

"நல்லாத்தான் மாட்டியிருக்கார்" என்றாள், சத்தமாக. "நல்லா உழைச்சிரிக்கி. ஒரே சேறு. காட்டுற மாதிரி இல்ல தம்பி, நான் குப்பைக்குள்ள போட்டுட்டன்."

அப்னா தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினாள். இத்தாவில் இருக்கிற உம்மா, தஸ்பீஹு மணி கையைவிட்டு இறங்காத உம்மா, இப்படிச் சுத்தப் பொய் சொல்வதை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"சரி உம்மா. இப்ப குவளையச் சவுக்காரம் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. ரப்பர் வளையத்தையும் துடைங்க. மறுகா பெட்டியில இருக்கிற புதுத் திரியப் போட்டு, கையால மட்டும் இறுக்குங்க."

றாபியா கழுவினாள். பாசி போகும்வரை, பிறகு மணம் போகும்வரை, பிறகும் ஒரு முறை கழுவினாள். றஸ்மி கொடுத்த பெட்டியை அப்னா திறக்கப் போனாள். றாபியா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, கட்டிலில் வைத்திருந்த ஸைனுலாப்தீனின் திரியை எடுத்தாள். வெளி உறையைச் சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைத்தாள். நகத்தால் கீறினாள், வழுக்கியது. பல்லால் கடித்து ஒரு மூலையைக் கிழித்தாள். உறை நீளமாய் உரிந்து வந்தது. உள்ளே இருந்தது காய்ந்து, வெளுத்து, கடை மணம்கூடப் போகாமல் இருந்தது.

அதைக் குவளைக்குள் இறக்கினாள். குவளையைத் தூக்கிப் பொருத்தி, கையால் சுழற்றி இறுக்கினாள். சாவியை எடுக்கவில்லை. றஸ்மியின் புதுத் திரி பெட்டியோடு அலுமாரிக்குள் போனது, இது உழைத்து முடிந்த பிறகு போடுவதற்கு. உரித்த உறையைச் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆச்சுது தம்பி."

"அப்ப வால்வத் திறங்க. சாச்சா, வெளியில போய்ப் பாருங்க, எப்பிடி வருதெண்டு. முதல்ல வாறதக் கொஞ்சம் ஓட விட்டுட்டுத்தான் குடிக்கணும்."

றாபியா வால்வைத் திறந்தாள். குவளைக்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. விளிம்பில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சுவருக்கு அப்பால் சோவென்று தண்ணீர் கொட்டியது. நூலும் இல்லை, சொட்டும் இல்லை. கொட்டியது.

ஒழுங்கையில் போனவர்கள் நின்றார்கள். யாரோ போத்தல் நீட்டினார்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்துல் ஸமட் இரண்டு கையையும் ஏந்திக் குடிக்கிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. குடித்துவிட்டு மூச்சு விட்டார்.

"இதுதான் தண்ணி!" என்றார், வந்து நின்றவர்களுக்கும் சுவருக்கு உள்ளே இருந்தவளுக்கும் சேர்த்து. "காக்காட திரியும் ஒரு திரியா? மனிசன்ட வேலை எல்லாம் அப்பிடித்தான். மதினி, கேக்குதா? இப்பதான் தண்ணி தண்ணியா இரிக்கி!"

றாபியா சுவரில் கன்னத்தை வைத்தாள். சுவர் குளிர்ந்திருந்தது. மௌத்தான அன்று வராத கண்ணீர் அப்போது வந்தது. வந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

"குடிங்க தம்பி" என்றாள். "வயிறு நிறையக் குடிங்க. எல்லாருக்கும் குடுங்க."

பிறகு பக்கத்தில் நின்ற அப்னாவுக்கும் கேட்காத குரலில், இடுப்பில் செருகிய உறையைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"யா அல்லாஹ், அது அவர்ட திரி. ஆருக்கும் தெரியத் தேவல்ல, உனக்குத் தெரியும்தானே."